பழைய இசைத்தட்டைக் கழுவும் முன்

பரணிலிருந்தோ தாத்தா வீட்டு மர அலமாரியிலிருந்தோ பழைய ரெக்கார்டுக் கட்டு ஒன்று கைக்கு வந்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு ஈரத் துணியை எடுத்துத் துடைக்கலாம் என்பதுதான். மேலே படிந்த தூசி கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்தால் போகிறது. ஆனால் பாட்டின் நடுவே கேட்கும் சடசடப்புக்கு அந்த மேல்தூசி பெரிய காரணமில்லை. முள் ஓடும் பள்ளத்துக்குள் வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கும் அழுக்குதான் காரணம். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் மேலே இருந்த தூசியும் ஈரத்தில் குழைந்து சேறாகி உள்ளே இறங்கிவிடும். காய்ந்த பிறகு அதைக் கிளப்புவது இன்னும் கஷ்டம்.

இதுவரை ஒரு தட்டைக்கூடக் கழுவிப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: கையில் இருப்பது அரக்குத் தட்டா, வினைல் தட்டா?

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கிராமபோன் தட்டுகளில் அநேகமாக எல்லாமே அரக்கால் செய்தவை. நகைக்குள் அடைக்கவும் வளையல் செய்யவும் பயன்படும் அதே அரக்கு. பலாசம், குசும், இலந்தை மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்து கிராமபோன் தொழிலுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் போனது. இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகள் அதற்குப் பேர்போனவை. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924-லேயே அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வந்து பாட்டுகளைப் பதிவு செய்தபோது, அவை ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் தட்டாகித் திரும்பி வந்தன. இங்கிருந்து போன அரக்கு அங்கே தட்டாகி மறுபடி இங்கேயே விற்பனைக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்த பிறகுதான் இங்கேயே தட்டு அடிக்கும் வேலை தொடங்கியது. பின்னாளில் தம்தம் ஆலை அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

அரக்குத் தட்டு என்று சொன்னாலும் அதில் அரக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பெரும்பகுதி நைசாக அரைத்த கல்தூள். கறுப்பு நிறத்துக்குக் கரி, பிடிப்புக்குப் பஞ்சு இழை, இன்னும் சில சேர்மானங்கள். கல்தூள் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கிராமபோனின் எஃகு முள்ளும் ஒலிப்பெட்டியும் நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு தட்டின் மேல் அழுந்தும். அதைத் தட்டு தாங்க வேண்டும். அதோடு, முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரவும் வேண்டும். அதனால்தான் ஒரு பக்கம் போட்டால் ஒரு முள் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தேய்ந்த முள்ளின் இரும்புத் தூளும் தட்டிலிருந்து உதிர்ந்த கல்தூளும் பள்ளத்திலேயே தங்கிவிடும். பழைய 78 தட்டைக் கழுவும்போது வெளியே வரும் சாம்பல் கறுப்புச் சேறு பெரும்பாலும் இதுதான்.

அரக்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஆல்கஹால். மர வேலைக்காரர்கள் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பிரெஞ்சு பாலிஷ் போடுகிறார்கள். அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு 78 தட்டில் தேய்த்தால், முதலில் பளபளப்பு மங்கும். அப்புறம் விரல் பட்டால் பிசுபிசுக்கும். பஞ்சு பழுப்புக் கறுப்பாக மாறும். அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் பாட்டு போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது எதிரி காரம். அரக்கு காரத்திலும் கரையும். அதனால் வாஷிங் சோடா, துணி துவைக்கும் தூள், கட்டி சோப்பு, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது. கைக்குப் போடும் சானிடைசரும் பெரும்பாலும் ஆல்கஹால்தான். அதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

வினைல் வேறு வகை. 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டோடு வந்தது. இவை பி.வி.சி. குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். ஈரத்தால் ஒன்றும் ஆகாது, கீழே விழுந்தால் உடையாது, நீர்த்த ஆல்கஹாலையும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சூடு ஆகாது, கீறல் சுலபமாக விழும். நம்மூரில் சினிமாப் பாட்டுகள் வந்த ஏழு அங்குல இ.பி. தட்டுகள் வினைல்தான். எழுபது, எண்பதுகளின் எல்.பி.க்களும் வினைல்தான்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் லேபிளைப் பாருங்கள். 78 என்று போட்டிருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பல நாடுகள் நிறுத்திய பிறகும் இந்தியாவில் 1960-களில் 78 தட்டு அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. அதனால் பாட்டு புதியது, தட்டும் புதுசாக இருக்கிறது என்று பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். லேபிள் கிழிந்திருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். பத்து அங்குல அரக்குத் தட்டு, அதைவிடப் பெரிய பன்னிரண்டு அங்குல எல்.பி.யைக் காட்டிலும் கனமாக இருக்கும். துளைக்குள் ஒரு விரலை விட்டுத் தட்டைத் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் மெல்லச் சுண்டினால் அரக்கு கணீரென்று ஒலிக்கும். வினைல் மொத்தென்று கேட்கும். 78 தட்டு கணீரென்று ஒலிக்காமல் கரகரத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதைத் தண்ணீரில் போடக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் அரக்கு என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். அரக்குக்கு ஒத்துவரும் முறை வினைலைக் கெடுக்காது. வினைலுக்கு ஒத்துவரும் முறை அரக்கை அழித்துவிடலாம்.

வீட்டில் கழுவவே கூடாத சில வகைகளும் உண்டு. வானொலி நிலையங்களும் ஸ்டூடியோக்களும் ஒரே ஒரு பிரதியாக நேரடியாக வெட்டி வைத்த லாக்கர் (மெருகுப் பூச்சு) தட்டுகள் அவற்றில் முக்கியமானவை. நடுத்துளையின் ஓரத்தில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால், கறுப்புப் பூச்சு உரிவதுபோல் இருந்தால், மேலே வெள்ளை மாவு படிந்திருந்தால், அது லாக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். உறையில் போட்டு அப்படியே வைத்துவிட்டு ஆவணக் காப்பக அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். கால் அங்குலத் தடிமனில் வரும் எடிசன் தட்டுகளுக்கும் தண்ணீர் ஆகாது. கொலம்பியாவின் பழைய 78 தட்டுகள் சில அடுக்கடுக்காகச் செய்யப்பட்டவை. விளிம்பில் அடுக்கு பிரிந்து தெரிந்தால் உள்ளே நீர் புகுந்து தட்டு உப்பிவிடும்.

சரி, இனி அழுக்குக்கு வருவோம். ஒரு எல்.பி.யின் பள்ளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான், தலைமுடியைவிடக் குறுகல். ஒரு பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றைப் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் அரை கிலோமீட்டர் அளவுக்கு வரும். 78 தட்டின் பள்ளம் அதைப்போல் மூன்று மடங்கு அகலம். அந்தப் பள்ளத்தின் சுவரில் இருக்கும் நெளிவுதான் பாட்டு. அங்கே ஒரு தூசித் துகள் இருந்தால் முள் அதில் இடறும். அதுதான் சடக்கென்று கேட்கிறது.

நம்மூர் தட்டுகளில் படிவது வெறும் தூசி மட்டுமல்ல. விரல் ரேகையின் எண்ணெய், சமையலறைத் தாளிப்பின் புகை, சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய பிசுக்காகப் படிகின்றன. தூசி அதில் ஒட்டுகிறது. மைக் செட் கடைகளில் இருந்து வந்த தட்டுகளில் இது ரொம்பவே அதிகம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராய்ப் போய், பந்தலடியில் புழுதியில் ஓடியவை அவை. லேபிளில் சவுண்டு சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தால், கழுவாமல் முள்ளை வைக்கவே வேண்டாம்.

பிசுக்கை வெறும் தண்ணீர் கரைக்காது. தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கக்கூடச் செய்யாது. மேலே முத்து முத்தாக நின்றுவிடும். ஒரு துளி நனைப்பான் சேர்த்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, அது தட்டின் மேல் படலமாகப் பரவி உள்ளே போகும், பிசுக்கைப் பிரித்தெடுக்கும், தூசி நீரில் மிதக்க ஆரம்பிக்கும். இது பாதி வேலைதான். பலரும் இங்கேயே நிறுத்தி, தட்டைக் காய விட்டுவிடுகிறார்கள். நீர் ஆவியாகிப் போகும்; அதில் மிதந்த அழுக்கு ஆவியாகாது, புறப்பட்ட இடத்திலேயே திரும்பப் படியும். தரையைத் துடைத்துவிட்டு அழுக்குத் தண்ணீரை அங்கேயே காயவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான். இசைத்தட்டைச் சுத்தம் செய்வதில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது: அழுக்கைக் கிளப்பிய நீர் காய்வதற்குள் தட்டைவிட்டு வெளியேற வேண்டும். கடையில் விற்கும் எல்லாக் கருவிகளும், எல்லாக் கலவைகளும் இந்த ஒரு காரியத்தை எவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர்வெல் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் காய வைத்தால் வெள்ளைத் திட்டு விழுமே, அந்தச் சுண்ணாம்பு பள்ளத்திலும் படியும். கழுவியும் சடசடப்பு கூடிவிட்டது என்று சொல்பவர்களிடம் எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். காய்ச்சி வடித்த நீர் வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். சீல் உடையாத கேனாக வாங்குங்கள், ஆசிட் கேனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் முதல் அலசலுக்கு ஆகும். கடைசி அலசல் மட்டும் காய்ச்சி வடித்த நீரிலேயே இருக்கட்டும்.

நனைப்பானுக்கு, ஃபிலிம் கழுவுபவர்கள் பயன்படுத்தும் போட்டோ-ஃப்ளோ நல்ல தேர்வு. ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 என்பதும் ஆகும். ஒரு லிட்டருக்குச் சில துளிகளே போதும். அதிகம் போட்டால் அதுவே பள்ளத்தில் தங்கி முள்ளில் பசையாக ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் நிறமும் வாசனையும் சேர்ந்திருக்கும். வேறு வழியே இல்லாவிட்டால் நிறமில்லாத, மணமில்லாத ஒன்றில் ஒரு துளி விட்டு, இரண்டு மடங்கு அலசுங்கள்.

ஆல்கஹால் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. வினைலைக் காலப்போக்கில் அது வறளச் செய்யும் என்று சொல்பவர்களும், நீர்த்துப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வினைல் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கோ பூஞ்சையோ இருந்தால் மட்டும், நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலப்பது போதும் என்பது என் கருத்து. மற்ற நேரங்களில் அது தேவையே இல்லை. தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானங்கள் இருக்கக்கூடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வினைல் தட்டு ஒன்றைக் கழுவுவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதலில் ஈரமே படாமல், மெல்லிய பிரஷ்ஷால் மேல்தூசியைத் தள்ளுங்கள். நீர்வண்ணம் தீட்ட உதவும் அகலமான, மிருதுவான ஆட்டுமுடி பிரஷ் இதற்கு அருமையாக இருக்கும். இதைச் செய்யாமல் நேராக நனைத்தால், மேலே கிடக்கும் மணல் துகள்கள் துணியோடு சேர்ந்து தட்டைக் கீறும். அப்புறம் லேபிளைக் காப்பாற்ற வேண்டும். லேபிள் வெறும் காகிதம். நனைந்தால் சாயம் இறங்கும், உப்பும். இருபுறமும் ரப்பர் வளையத்தோடு அழுந்தும் லேபிள் மூடி விலைக்குக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் சுத்தமான, சொரசொரப்பில்லாத துண்டின் மேல் தட்டை வைத்து, லேபிளை எட்டாத அளவுக்கு மட்டும் நனைப்பான் கலந்த நீரைத் தெளியுங்கள்.

தெளித்ததும் தேய்க்க ஆரம்பிக்காமல் ஓரிரு நிமிடம் ஊற விடுங்கள், ஆனால் காய விடாதீர்கள். அதே ஆட்டுமுடி பிரஷ்ஷாலோ வெல்வெட் துணி சுற்றிய கட்டையாலோ பள்ளம் போகும் போக்கிலேயே, வட்டமாகப் போங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்காகத் தேய்த்தால் பிரஷ்ஷின் முடி பள்ளத்துக்குள் இறங்காமல் தாவித் தாவிப் போகும். தட்டிலும் கோடு விழும். அழுத்தம் வேண்டாம், சுற்று வேண்டும். ஏழெட்டுச் சுற்றில் நீர் கலங்குவது தெரியும். உடனே மைக்ரோஃபைபர் துணியை வைத்து, தேய்க்காமல் ஒற்றி, அழுக்கு நீரை உறிஞ்சி எடுங்கள். துணியின் ஈரமான பக்கத்தைத் தட்டின் மறுபக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரைத் தெளித்து, வேறு சுத்தமான பிரஷ்ஷால் சுற்றி, வேறு துணியால் ஒற்றி எடுங்கள். முடிந்தால் இந்த அலசலை இரண்டு தடவை செய்யுங்கள். கழுவுவதைவிட அலசுவதற்கே நேரம் ஒதுக்க வேண்டும்.

மிச்ச ஈரம் காய, பாத்திரம் கவிழ்க்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்டில் தட்டை நிமிர்த்தி வையுங்கள். கம்பி ஸ்டாண்டாக இருந்தால் தட்டு தொடும் இடத்தில் துணி சுற்றுங்கள். ஃபேன் காற்று நேரே அடித்தால் தூசியும் கூடவே வந்து உட்காரும். வெயிலில் வைக்கவே கூடாது. மாடியில் கால் மணி நேரம் காயட்டும் என்று வைத்த தட்டு, நம்மூர்ச் சித்திரை வெயிலில் கிண்ணமாக வளைந்து திரும்பி வரும். ஹேர் டிரையரும் அதே ஆபத்துதான்.

அரக்குத் தட்டுக்கு முறை இதுவேதான், ஆனால் சில மாற்றங்களோடு. ஆல்கஹால் ஒரு துளிகூடக் கிடையாது. நீர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும், வெந்நீர் வேண்டாம். ஊற வைப்பதும் வேண்டாம். அரக்கு கொஞ்ச நேர ஈரத்தைப் பொறுக்கும் என்றாலும், உள்ளே இருக்கும் பஞ்சு இழையும் மற்றச் சேர்மானமும் நீரை உறிஞ்சும். நனைத்து, சுற்றி, அலசி, துடைத்து எடுப்பது வரை ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே ஆக வேண்டும். பள்ளம் அகலமாக இருப்பதால் குழந்தைகள் பல் துலக்கும் மிருதுவான பிரஷ்கூட இங்கே உதவும். துணியில் சாம்பல் கலந்த கறுப்பு இறங்கினால் பயப்பட வேண்டாம், அது முள்ளின் இரும்புத் தூளும் பழைய தூசியும். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு, நிறைய நீரில் அலசுங்கள். தட்டே கரைகிறது என்று அர்த்தம். விரிசல் உள்ள தட்டில் நீர் தெளிக்காமல், நன்றாகப் பிழிந்த துணியால் விரிசலை விட்டு விலகித் துடைப்பதோடு போதும். இன்னொன்று, அரக்குத் தட்டைத் துடைக்கும்போது ஒரு கையால் ஓரத்தைப் பிடித்து மறு ஓரத்தை அழுத்தாதீர்கள். வினைல் வளைந்து கொடுக்கும், இது உடைந்துவிடும். அடியில் முழுவதும் தாங்கல் இருக்கட்டும்.

பூஞ்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்குப் பிறகு உறையைத் திறந்தால் வெள்ளையாக, பூப்பூவாக, சில நேரம் கிளை கிளையாகப் படர்ந்திருப்பது அதுதான். வினைலில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. உறையின் காகிதத்தையும் தட்டின் மேல் படிந்த பிசுக்கையும் உண்டு அது வளர்கிறது. அரக்குத் தட்டிலோ உள்ளே சேர்த்த பொருள்களே அதற்குத் தீனி. அதனால் 78 தட்டில் பூஞ்சை வந்த இடம் கழுவிய பிறகும் மங்கலாகத் தெரியலாம். அங்கே மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கும். பூஞ்சைத் தட்டை வீட்டுக்குள் தட்டித் துடைக்கக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியின் நிழலிலோ தாழ்வாரத்திலோ பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, அப்புறம் கழுவுங்கள். அந்த பிரஷ்ஷை மற்றத் தட்டுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். கழுவிய தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் அடுத்த மழையில் கதை மறுபடி தொடங்கும். அட்டைப் படத்துக்காக உறையை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால், நன்றாகக் காய வைத்துத் தனிப் பையில் பிரித்து வையுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியில் கலவையை ஊற்றி, இரண்டு பிரஷ்களுக்கு நடுவே தட்டைக் கையால் சுற்றும் எளிய கருவி வினைலுக்கு நன்றாகவே உதவும். தொட்டி நீரைச் சில தட்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உறிஞ்சு கருவிகள் அடுத்த படி. இங்கிலாந்தில் கீத் மாங்க்ஸ் செய்த கருவியை பி.பி.சி. போன்ற வானொலி நிலையங்களே வாங்கிப் பயன்படுத்தின. பள்ளத்தில் நிற்கும் நீரை ஒரு சிறு முனை உறிஞ்சிக்கொண்டே போகும். காய்வதற்குள் நீரை வெளியேற்றுவது என்ற அந்த ஒரே காரியத்தை இதைவிட நேராகச் செய்யும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. நூறு, இருநூறு தட்டு வைத்திருப்பவர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அல்ட்ராசோனிக் தொட்டிகளும் வந்துவிட்டன. அவை வினைலுக்கு நல்லவை. ஓடும்போது நீர் சூடாகிக்கொண்டே போகும் என்பதால் இடையில் ஆறவிட வேண்டும்.

இணையத்தில் ஒரு வீடியோ எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்: ஃபெவிக்கால் வகையான வெள்ளைப் பசையைத் தட்டு முழுவதும் பூசி, காய்ந்ததும் தோல் உரிப்பதுபோல் இழுத்து எடுப்பார்கள். பசை பள்ளத்துக்குள் இறங்கி அழுக்கோடு வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனால் எங்காவது மெல்லிசாகப் பூசிய இடத்தில் பசை கிழிந்து உள்ளேயே நின்றுவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. அரக்குத் தட்டில் இதைச் செய்யவே கூடாது. இழுக்கும் விசையில் தட்டு உடையலாம், மேற்பரப்பும் பெயரலாம். எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் பட்டால் தட்டு புதுசுபோலப் பளபளக்கும், அடுத்த வாரமே அறையில் உள்ள தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும்.

காய்ந்த தட்டை முள்ளில் வைப்பதற்கு முன் முள்ளையும் பாருங்கள். முதல் தடவை ஓடும்போது மிச்சம் மீதி அழுக்கு முள்ளின் முனையில் பஞ்சுபோல் சேரும். அதைச் சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், ஒரே திசையில் எடுங்கள். 78 தட்டுக்கு எல்.பி. முள் ஆகாது. அகலமான பள்ளத்தின் அடியில், அழுக்கு தங்கும் இடத்தில் போய் அது உரசும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். 78-க்கென்று வரும் அகல முனை முள்ளை மாற்றிப் போடுங்கள். வினைலை ஒருபோதும் எஃகு முள் கிராமபோனில் போடாதீர்கள். ஒரே ஓட்டத்தில் பள்ளம் நாசமாகிவிடும்.

வினைலுக்கு உள் உறை பாலிஎத்திலீன் பூசியதாக இருப்பது நல்லது. மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் தட்டின் மேல் பனிபோல் மங்கல் படியும். 78 தட்டுக்கு அமிலமில்லாத காகித உறையே போதும். எல்லாவற்றையும் நிமிர்த்தி, நெருக்கமாக, ஆனால் அழுத்தம் இல்லாமல் அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருக்கும் அரக்குத் தட்டு பாரம் தாங்காமல் ஒரு நாள் இரண்டாகும். நிலை மின்சாரம் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் நிறைய எழுதுவார்கள். நம் ஈரக் காற்றில் அது அவ்வளவு தொல்லை இல்லை, ஏ.சி. அறையில் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு கார்பன் ஃபைபர் பிரஷ் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் சத்தம் போகாத தட்டுகள் இருக்கும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்கில்லாமல் அங்கங்கே சடசடவென்று கேட்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி கழுவலாம். ஒரே சீராக டிக், டிக் என்று வந்தால் கையில் கடிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எல்.பி.யில் 1.8 நொடிக்கு ஒருமுறை, 45 தட்டில் 1.3 நொடிக்கு ஒருமுறை, 78-இல் ஒரு நொடிக்கும் குறைவாக அது வந்தால் கீறல்தான். தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அது. பாட்டின் உச்சத்தில் மட்டும் குரல் கரகரத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது பள்ளம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரிந்தால், பழைய முள் பள்ளத்தையே தேய்த்துவிட்டது. 78 தட்டின் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் 'ஸ்ஸ்' இரைச்சல் அதில் கலந்த கல்தூளின் சத்தம். எவ்வளவு சுத்தமான தட்டிலும் அது இருக்கும். கீறலின் டிக் சத்தத்தைத் தட்டைக் கணினியில் பதிவு செய்துகொண்டு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் நீக்கலாம். அதற்காகத் தட்டை மூன்றாம் முறை, நான்காம் முறை கழுவ வேண்டாம்.